படம் எப்படி இருந்தது?

நம்மவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரித்த மறுநிமிடமே பேச்சு திரைப்படத்திற்குத் தாவிவிடும். "படம் எப்படி?" என்று ஒருவர் கேட்பார். "ஓகே லா" என்று மற்றவர் சொல்வார். அவ்வளவுதான். மூன்று மணி நேரம் அமர்ந்து பார்த்த ஒரு படைப்பைப் பற்றி நாம் சொல்வது இரண்டே சொற்கள். அதுவே உள்நாட்டுப் படமாக இருந்தால் பதில் இன்னும் வேடிக்கையாக இருக்கும். "நம்ம பிள்ளைங்க எடுத்தது, நாமதான் ஆதரவு கொடுக்கணும்" என்பார்கள். கேட்டவர் படத்தைப் பற்றிக் கேட்டார். அவருக்குக் கிடைத்ததோ நன்கொடை வேண்டுகோள்.

நான் திரைப்பட ஆய்வாளர் அல்லள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றின் நுட்பங்களை நான் கற்றதில்லை. சோளப்பொரியை மடியில் வைத்துக்கொண்டு, நகைச்சுவைக்குச் சிரித்து, சோகத்திற்கு அழுது, தேவையில்லாத பாடல் வந்தால் கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் சாதாரண ரசிகை. அத்தகைய ஒருத்தி தான் பார்த்த சில பிரபலமான படங்களைப் பற்றி மனத்தில் பட்டதை மறைக்காமல் சொன்னால் எப்படி இருக்கும் என்பதே இக்கட்டுரை.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலருக்கு, அதன்பின் தமிழ் என்பது வாரத்தில் சில பாட வேளைகளாகச் சுருங்கிவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் மலாயும் ஆங்கிலமும்தான். பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயது வரை நான் காதால் கேட்ட தமிழில் பெரும்பகுதி வீட்டிலிருந்தும் திரையிலிருந்தும் வந்தது. காதலை எப்படிச் சொல்வது, கோபத்தை எப்படிக் காட்டுவது, பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் நம் தலைமுறைக்குத் திரைப்படம் கற்றுக்கொடுத்திருக்கிறது. இவ்வளவு பெரிய ஆசிரியரைப் பற்றி நமக்கென்று ஒரு கருத்து வேண்டாமா?

மாணிக்கம் பேசியது என்ன?

முதலில் எல்லாருக்கும் பிடித்த படத்திலிருந்து தொடங்குகிறேன். சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் 1995ஆம் ஆண்டு வெளிவந்த 'பாட்ஷா' நான் பிறப்பதற்கு முன்பே வந்த படம். இருப்பினும் பாசார் மாலாமில் வாங்கிய குறுந்தட்டு தேய்ந்து கோடு விழும்வரை எங்கள் வீட்டில் அது ஓடியது. பெரும்பாலோர் அதில் நினைவு வைத்திருப்பது மாணிக்கம் பாட்ஷாவாக மாறும் சண்டைக்காட்சியை. எனக்குப் பிடித்தது வேறு காட்சி. தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டும். மாணிக்கம் கண்ணாடி அறைக்குள் செல்கிறார். வாய் அசைகிறது, நமக்கு ஒன்றும் கேட்பதில்லை. எதிரே இருப்பவரின் முகம் மட்டும் மாறுகிறது. இடம் கிடைத்துவிடுகிறது.

இந்தக் காட்சி வரும்போதெல்லாம் அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத காட்சிக்கு ஏன் ஒலியைக் கூட்டுகிறார் என்று சிறுவயதில் எனக்குப் புரிந்ததில்லை. அண்ணன் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிய ஆண்டில்தான் புரிந்தது. நல்ல மதிப்பெண் எடுத்தாலும் விரும்பிய துறையில் இடம் கிடைக்குமா என்ற கவலையில் இந்நாட்டில் எத்தனை இந்தியக் குடும்பங்கள் உறங்காமல் இருந்திருக்கின்றன! கதவைத் திறந்து உள்ளே சென்று, நான்கு வார்த்தை பேசி, பிள்ளைக்கு இடம் வாங்கி வருகின்ற ஓர் அண்ணன் எல்லாருக்கும் தேவைப்படுகிறான். அந்த நான்கு வார்த்தை என்னவென்று யாருக்கும் தெரியாததால்தான் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்கள் போலும். 'பாட்ஷா' ஒரு நல்ல கனவு. அதைக் கனவு என்று தெரிந்துகொண்டே பார்க்கலாம், தவறில்லை.

துப்பாக்கி ஓசைக்கு இடையே

இன்றைய பெரிய நாயகர்களின் படங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்' (2022) படத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். கமல்ஹாசன், விஜய் சேதுபதி, ஃபகத் ஃபாசில் மூவரும் ஒரே படத்தில் நடித்தால் பார்க்காமல் இருக்க முடியுமா? பீரங்கி போன்ற துப்பாக்கிகளையெல்லாம் தாண்டி என் மனத்தில் தங்கியது ஒரு குழந்தை. அக்குழந்தைக்கு இதய நோய். பெரிய ஓசை கேட்கக் கூடாது. உலகமே வெடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தாத்தா தன் பேரன் ஓசையின்றி இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறார். அந்த எண்ணம் அழகானது. ஆனால் படமோ அந்தக் குழந்தைக்கு ஆகாத ஓசையைத்தான் நமக்கு விருந்தாக வைக்கிறது.

நெல்சனின் 'ஜெயிலர்' (2023) படத்திலும் இதே நிலைதான். ஓய்வுபெற்ற சிறை அதிகாரி ஒருவர், தம் மகன் நேர்மையானவன் என்று நம்பி, அவனுக்காகப் பழிவாங்கப் புறப்படுகிறார். இறுதியில் மகனே குற்றவாளி என்று தெரிகிறது. ஒரு தகப்பன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்குப் படம் ஒதுக்கியது கடைசிச் சில நிமிடங்களை மட்டுமே. அதற்கு முன் எத்தனை தலைகள் உருண்டன என்று எண்ணிப் பார்த்து, பாதியில் கணக்கை விட்டுவிட்டேன். நான் கைதட்டவில்லை என்று சொன்னால் அது பொய். தட்டினேன். இருந்தாலும் திரையரங்கை விட்டு வெளியே வந்து கார் நிறுத்துமிடத்திற்குச் செல்வதற்குள் படம் என்னைவிட்டுப் போய்விட்டது.

பின்னணியில் நாம்

2007ஆம் ஆண்டு விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித் நடித்த 'பில்லா' மலேசியாவில் எடுக்கப்பட்டது. இந்தியில் 'டான்' (1978), தமிழில் ரஜினியின் 'பில்லா' (1980), பிறகு இந்தப் 'பில்லா' என்று கதை கைமாறி வந்தது. பத்துமலையில் 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006ஆம் ஆண்டுதான் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் முன்னே அஜித் ஆடினார். நம் நாட்டுச் சாலைகளும் கட்டடங்களும் அவ்வளவு அழகாக இருக்கின்றன என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். "அதோ, நாம போன ரோடு!" என்று கத்தும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

ஆனால் அந்த மலேசியாவில் மலேசியத் தமிழர் எங்கே? காலையில் நாசி லெமாக் பொட்டலத்தோடு வேலைக்கு ஓடுகின்ற ஒருவர்கூட இல்லை. 2008இல் வந்த விஜய்யின் 'குருவி'யிலும் நம் நாடு வில்லனின் இருப்பிடம். நாயகன் வந்து அடித்துவிட்டுத் திரும்பிப் போகும் இடம். தமிழ்ப் படங்களுக்கு நாம் பெரும்பாலும் கோபுரங்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மட்டுமே தெரிகிறோம்.

இதைச் சண்டைப் படங்களோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பிரேம்குமார் இயக்கிய '96' (2018) எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சந்தித்து ஓரிரவைக் கழிக்கிறார்கள். வரம்பு மீறாமல், ஆனால் ஒவ்வொரு பார்வையிலும் இழந்த வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறார்கள். பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதுதான் காதல் என்று காட்டிய எத்தனையோ படங்களுக்கு நடுவே, விலகி நின்ற ஒருவனைக் கண்டபோது ஆறுதலாக இருந்தது.

ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். விடிந்ததும் சிங்கப்பூருக்கே விமானம் ஏறுகிறாள். இத்தனை ஆண்டுகள் அங்கு வாழ்ந்த பெண்ணின் பேச்சில் அந்த ஊரின் சாயல் சிறிதும் இல்லை. அங்கு அவள் எப்படி வாழ்கிறாள், யாரோடு பேசுகிறாள், அவள் மகள் எந்த மொழியில் சண்டை போடுவாள் என்று எதுவும் நமக்குத் தெரியவில்லை. இதனால் படம் கெட்டுவிடவில்லை; ராமின் கதைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆயினும் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒன்று உறைத்தது. அவர்களுக்குக் கதை முடிந்து விமானம் ஏறும் இடத்தில்தான் நமக்கு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் எடுக்க மாட்டார்கள். அவர்கள் எடுக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமன்று.

தாத்தா பார்த்த கங்காணி

பாலா இயக்கிய 'பரதேசி' (2013) நம் நாட்டைப் பற்றிய படம் அன்று. ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லப்பட்ட மக்களைப் பற்றியது. பால் ஹாரிஸ் டேனியல் எழுதிய 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவல் அதற்கு அடிப்படை. அதைத் தொலைக்காட்சியில் தாத்தாவோடு பார்த்தேன். தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பெரட்டு, லயன் வீடு, ஆயக்கொட்டகை, கிராணி என்று பேசுபவர்.

கங்காணி ஊருக்கு வருகிறான். இனிக்க இனிக்கப் பேசுகிறான். மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். வழியிலேயே சிலர் விழுகிறார்கள். தோட்டத்தில் கூலி கொடுக்கும் நாள் வரும்போது, வாங்கியதாக எழுதிவைத்த கடனெல்லாம் கழிக்கப்பட்டு, மீதம் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அந்தக் காட்சியில் தாத்தா, "எங்கப்பாரு இதைத்தான் சொல்வாரு" என்று மட்டும் சொன்னார். மலாயாவிற்கும் கங்காணி முறையில்தான் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்கள் உதவிபெற்று வெளியேறுவதைத் தடை செய்த பிறகே அது நின்றது. நான் இதைப் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்திருக்கிறேன். ஆனால் தாத்தாவின் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோதுதான், அந்தப் பத்தியில் எங்கள் குடும்பமும் இருக்கிறது என்பது மண்டையில் ஏறியது.

இருந்தாலும் படத்தின்மீது எனக்கு ஒரு குறை உண்டு. துன்பத்தின்மேல் துன்பமாக அடுக்கிக்கொண்டே போகிறார் இயக்குநர். சிரிப்பதற்கு ஒரு வாய்ப்பைக்கூட அந்த மக்களுக்குத் தோட்டத்தில் அவர் கொடுக்கவில்லை. தாத்தா சொல்லும் தோட்டக் கதைகளில் பசியும் அட்டைக்கடியும் இருக்கும்; கூடவே திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய எம்.ஜி.ஆர். படமும், தீமிதித் திருவிழாவும், யாரோ யாரையோ ஏமாற்றிக் கோழி பிடித்த கதையும் இருக்கும். துன்பப்பட்டவர்கள் எந்நேரமும் அழுதுகொண்டே இருந்தவர்கள் அல்லர். அதைச் சொல்லாத படம் உண்மையில் பாதியைத்தான் சொல்கிறது.

கபாலி: இருமுறை பார்த்த படம்

பா. இரஞ்சித்தின் 'கபாலி' 2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் வெளிவந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. நம் நாட்டுத் தமிழராக ரஜினி நடிக்கிறார் என்ற செய்தியே எங்களுக்குத் தீபாவளியாக இருந்தது. மலாய் மொழியிலும் குரல்மாற்றம் செய்து இங்கு வெளியிட்டார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டும் கூலிங் கிளாஸும் அந்த நடையும்தான். "பாட்ஷா மாதிரி இல்ல" என்று அண்ணன் முகம் சுளித்தான். நானும் அப்படியே நினைத்தேன்.

பல்கலைக்கழக விடுதியில் தோழிகளோடு மீண்டும் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் சிறையிலிருந்த ஒருவர் வெளியே வருகிறார். தோட்டத்தில் சம ஊதியத்திற்காகப் போராடத் தொடங்கியவர் எப்படிக் கும்பலுக்குள் போய்ச் சேர்ந்தார் என்பதைப் படம் சொல்கிறது. காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் காரணம் உண்டு என்று கபாலி விளக்கும்போது, அந்தக் கோட்டு வெறும் அலங்காரமில்லை என்பது புரிகிறது. வழிதவறிய இளைஞர்களுக்காக நடத்தப்படும் பள்ளியில் மாணவர்கள் கபாலியிடம் கேள்வி கேட்கும் காட்சி படத்தின் உயிர். அதைவிட எனக்குப் பிடித்தது மனைவி குமுதவல்லியைத் தேடிப் போகும் பகுதி. ஊரே அஞ்சும் ஒரு மனிதர், மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தவிக்கும்போது வெறும் மனிதராகிவிடுகிறார். ரஜினியை நான் நடிகராகப் பார்த்தது அங்கேதான்.

இனிக் குறைகள். சீனக் கும்பல் தலைவன் கதைப்புத்தகத்து அரக்கனைப் போல இருக்கிறான். பல இனத்தவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த நமக்கு அது நெருடுகிறது. நம்மவர்களாக நடித்தவர்களில் பலர் பேசுவது சென்னைத் தமிழ். இடையிடையே தூவிய மலாய்ச் சொற்களால் அது கோலாலம்பூர்த் தமிழாகிவிடாது. இறுதிச் சண்டை வழக்கமான சண்டை.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழகத்தில் திரையிட்ட படத்தில், கபாலியின் பள்ளியில் படித்த இளைஞனே துப்பாக்கியோடு அவரை நெருங்குகிறான், திரை இருள்கிறது, குண்டோசை மட்டும் கேட்கிறது. இங்குத் திரையிடப்பட்ட படத்திலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற எழுத்துகள் இறுதியில் சேர்க்கப்பட்டன. சட்டத்தை மதிக்க வேண்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் வளர்த்த பிள்ளையே ஏன் நம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான் என்பது நம் சமுதாயம் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி. தமிழகத்து ரசிகர்களுக்கு அந்தக் கேள்வி கிடைத்தது. அது யாரைப் பற்றியதோ அவர்களுக்கு ஒரு வரியில் பதிலே கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பரியனின் வகுப்பறை

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்தவர்கள் எல்லாரும் கருப்பி என்ற நாயைப் பற்றிப் பேசுவார்கள். நான் வகுப்பறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கிராமத்திலிருந்து சட்டக் கல்லூரிக்கு வந்த பரியனுக்கு ஆங்கிலம் புரியவில்லை. விரிவுரையாளர் பேசப் பேச அவன் விழிக்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து முதலாம் படிவத்திற்கோ புகுமுக வகுப்பிற்கோ சென்ற முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். அறிவியல் ஆசிரியை மலாயில் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் சொல் கிடைக்காமல் நின்ற அந்தச் சில விநாடிகள் எவ்வளவு நீளம்! பரியனைப் பார்த்தபோது என் காது சூடானது.

ஆனால் அதோடு, "அவனும் நானும் ஒன்று" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை. அவன் அடிபட்டது ஆங்கிலத்திற்காக அன்று, சாதிக்காக. "நம் நாட்டில் சாதி இல்லை" என்று நாம் மேடையில் சொல்கிறோம். ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே பால்வாளியைச் சுமந்தவர்களுக்குள் அது பெருமளவு தேய்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் வீட்டில் திருமணப் பேச்சு தொடங்கும்போது, "பையன் என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எந்த அலமாரியிலிருந்து எழுந்து வருகிறது? படம் முடிந்ததும் என் தோழி ஒருத்தி, "இதெல்லாம் அங்கதான், இங்க இல்ல" என்றாள். அறையில் இருந்த மற்ற மூவரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதியைப் படத்திற்குக் கிடைத்த சிறந்த விமர்சனமாகவே நான் கருதுகிறேன். இறுதியில் இரண்டு தேநீர்க் குவளைகளைக் காட்டிவிட்டு இயக்குநர் ஒதுங்கிக்கொள்கிறார். பழிவாங்கலும் இல்லை, சமாதானமும் இல்லை. இப்படி முடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நம் படங்கள்: ஆதரவும் கருத்தும்

இப்போது வம்பான பகுதிக்கு வருகிறேன். உள்நாட்டுப் படங்கள்.

தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' (2005) 1960களில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நடக்கும் கதை. சாந்தா என்ற பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்திற்குப் போக வேண்டும் என்ற ஆசை. அதற்குக் குடும்பத்தின் வறுமை குறுக்கே நிற்கிறது. படம் மெதுவாக நகர்கிறது. சில இடங்களில் வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதுபோல் இருக்கிறது. ஒரு முறை கொட்டாவியும் விட்டேன். ஆனால் சாந்தா புத்தகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்த வீட்டை எனக்குத் தெரியும். அவள் ஆசைப்பட்ட இடத்தில்தான் இன்று நான் அமர்ந்து இதை எழுதுகிறேன். குறையுள்ள படம் என்று சொல்வதும், நமக்கு மிகவும் வேண்டிய படம் என்று சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

ஜே.கே. விக்கியின் 'பூச்சாண்டி' 2022ஆம் ஆண்டு இங்கும், பின்னர்த் தமிழகத்திலும் திரையிடப்பட்டது. ஆவியை அழைக்கும் விளையாட்டில் தொடங்கும் பேய்ப்படம், மெல்ல மெல்லக் கடாரத்து வரலாற்றுக்குள் நம்மை இழுத்துச் செல்கிறது. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது, இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின்மீது படையெடுத்தான் என்று தமிழ்ப்பள்ளியில் படித்ததெல்லாம் பேயோடு கலந்து வரும்போது சுவையாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கம் மிக அதிகம். பயந்து போர்வையை இழுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒருவர் வரலாற்றுப் பாடம் எடுத்தால், பேயே சலித்துக்கொண்டு போய்விடும். பேச்சைக் குறைத்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன். வரலாறும் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

நான் பார்த்த உள்நாட்டுப் படங்களில் முதலிடம் ஷஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) படத்திற்கே. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் 'ஜகாட்' ஆனது. தலைப்பிலேயே நம் நாக்கு இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளில் வந்து தங்கிய 1990களின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன். கற்பனை உள்ளவன், குறும்புக்காரன். அவனை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று அடித்து வளர்க்கும் அப்பா மணியம். போதையிலிருந்து மீண்டு தடுமாறும் ஒரு சித்தப்பா. கும்பலில் இருக்கும் 'மெக்சிகோ' என்ற இன்னொரு சித்தப்பா. மூவரும் அவன்மீது அன்பு உள்ளவர்கள்தான். அந்த மூவரின் அன்பிற்கும் நடுவில் ஒரு பிள்ளை எப்படி நழுவுகிறான் என்பதே கதை.

இந்தப் படத்தில் ஒருவரும் நமக்கு அறிவுரை சொல்வதில்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஆசிரியர் அரக்கர் இல்லை. கும்பல்காரனும் நாயகன் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள். அதன் விளைவு அந்தச் சிறுவனின் முகத்தில் தெரிகிறது. அதோடு, என் மாமா பேசும் தமிழ் முதல்முறையாகப் பெரிய திரையிலிருந்து எனக்குக் கேட்டது இப்படத்தில்தான். பாதி மலாய், கொஞ்சம் ஆங்கிலம், கடைசியில் ஒரு 'லா'. செந்தமிழுக்காகப் பாடுபடும் கழகத்தின் இதழில் இதைப் புகழலாமா என்று நீங்கள் கேட்கலாம். செந்தமிழை நான் மதிக்கிறேன். அதில்தான் எழுதிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் நம் வீட்டுப் பேச்சு கேலிக்குரியது, சென்னைப் பேச்சே திரைக்கு ஏற்றது என்று நாம் நம்பிவிட்டால், நம் கதையை நாமே சொல்லும்போதுகூட இரவல் குரலில்தான் சொல்வோம்.

'ஜகாட்' 2016ஆம் ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. ஒரு தமிழ்ப் படம் நாட்டின் சிறந்த படம்! ஆனால் என் வகுப்பில் அதைப் பார்த்த தமிழ் மாணவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பார்க்காதவர்களிடம் கேட்டால், "லோக்கல் படமா? பார்த்து ஆதரவு கொடுக்கணும் லா" என்கிறார்கள். ஆதரவு என்ற சொல்லே இங்குக் குறுக்கே நிற்கிறது. ஆதரவு இரக்கத்தால் கொடுப்பது. பசியாறப் போகும் கடைக்கு நாம் ஆதரவு கொடுக்கவா போகிறோம்? ரொட்டி சானாய் நன்றாக இருக்கிறது, அதனால் போகிறோம். உப்பு அதிகமென்றால் "அண்ணே, உப்பு கூட" என்று சொல்கிறோம். அடுத்த நாள் சரியாக இருக்கிறது. அவரை மதிப்பதால்தான் அவரிடம் சொல்கிறோம்.

நம் இளைஞர்கள் எடுக்கும் படத்திற்கு அந்த மதிப்பை நாம் கொடுப்பதில்லை. நன்றாக இல்லாத படத்தையும் "அருமை" என்று முகநூலில் எழுதிவிட்டு, நண்பர்களிடம் மட்டும் தனியாகச் சிரிக்கிறோம். படம் எடுத்தவருக்கு எது சரி, எது தவறு என்று தெரியாமலே அடுத்த படமும் அப்படியே வருகிறது. மறுபுறம், தமிழகத்து நாயகனின் படத்தில் குறை சொன்னால் சண்டைக்கு வருகிறோம். அங்கே பக்தி, இங்கே இரக்கம். இரண்டுக்கும் இடையில் கருத்து என்ற ஒன்றுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

சாதாரண ரசிகரால் என்ன முடியும்?

திரைப்படம் எடுக்கப் பெரும் பணம் வேண்டும், திறமை வேண்டும். கருத்துச் சொல்ல அவை எதுவும் வேண்டாம். பார்த்ததை நினைத்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். "நல்லா இருக்கு" என்பதற்குப் பிறகு "ஏனென்றால்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். அதன்பின் வரும் வாக்கியத்தைத் தமிழில் முடிக்க முயலுங்கள். நம்மில் பலருக்கு அது எளிதாக இருக்காது. ஐந்து ஆண்டுகளாக மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே காரணம் சொல்லிப் பழகிய நாக்கு அது. தமிழில் சிரிக்கவும் திட்டவும் நமக்குத் தெரிகிறது. காரணம் சொல்லத்தான் தடுமாறுகிறோம். ஒரு மொழி வீட்டில் சமையலறையோடு நின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால், அதில் காரணம் சொல்லவும் மறுத்துப் பேசவும் தெரிய வேண்டும். அதற்குத் திரைப்படத்தைவிட இனிமையான பயிற்சிக்களம் வேறு ஏது?

நம் கழகம் ஆண்டுதோறும் சொற்போரும் கவியரங்கமும் நடத்துகிறது. அவற்றோடு பருவத்திற்கு ஒரு முறை விரிவுரை அரங்கில் ஒரு படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் என்ன? தமிழகத்துப் படம் ஒன்று, நம் நாட்டுப் படம் ஒன்று என்று மாறி மாறிப் பார்க்கலாம். படம் எடுத்த நம்மவர்களையும் அழைக்கலாம். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், எங்கே கொட்டாவி வந்தது, எங்கே கண்ணீர் வந்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். அவர்களுக்கு முதலில் சுருக்கென்று இருக்கும். ஆனால் தம் படத்தை யாரோ ஒருவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால், அதைவிடப் பெரிய மரியாதை ஒரு படைப்பாளிக்கு வேறு இல்லை என்றே நம்புகிறேன்.

நான் மேலே சொன்ன கருத்துகளில் பல உங்களுக்கு உடன்பாடாக இல்லாமல் இருக்கலாம். 'ஜெயிலர்' பற்றி நான் எழுதியதைப் படித்து ரஜினி ரசிகர்கள் கொதிக்கலாம். 'பூச்சாண்டி' எனக்குப் போதுமான அளவு பயமூட்டவில்லை என்பதை ஏற்காதவர்கள் இருக்கலாம். அப்படியானால் மிக்க மகிழ்ச்சி. சிற்றுண்டிச்சாலையில் என்னைப் பிடித்து, நான் சொன்னது தவறு என்று சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஏன் தவறு என்பதையும் சொல்ல வேண்டும், தமிழில். தே தாரேக் என் செலவு.